ஏழு தங்க இலைகள்

நூற்றுப் பத்துப் பேரில் ஒருவர். ஆணா பெண்ணா, கிழமா குழந்தையா என்று எழுத்துக்காரிக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது.

பத்து நாளைக்கு முன்னால் ஃபோனில் விருந்துக்காரம்மா தட்டு எத்தனை, மேசைவிரிப்பு என்ன நிறம் என்று எல்லாம் பேசி முடித்தாள். ஃபோனை வைக்கப் போகிறவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். அதற்கு அப்புறம்தான் அதைச் சொன்னாள்.

"ஒருத்தருக்கு பாதாம், முந்திரி, அந்த மாதிரி எதுவுமே ஆகாது. ஆகாதுன்னா சும்மா அரிப்பு கிரிப்பு இல்ல. தொண்டை அடைச்சுக்கும். ரெண்டு தடவை போய்ப் பிழைச்சு வந்திருக்காங்க. ஆனா யாருன்னு மட்டும் கேக்காதீங்க. வெளியில தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சுடணும். கார்டைப் பாத்துச் சாப்பிடுங்கன்னு நான் சொல்லிடறேன். அவங்க கார்டை நம்புவாங்க."

"சரிங்க" என்றாள் எழுத்துக்காரி.

ஃபோனை வைத்த பிறகும் கடைசி வாக்கியம் காதிலேயே நின்றது. கார்டை நம்புவாங்க. இத்தனை நாளில் அவள் எழுதியதை யாரும் நம்பவேண்டிய அவசியம் வந்ததில்லை. பார்த்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள், படம் எடுத்தார்கள். அவ்வளவுதான்.

எழுத்துக்காரி என்பது அவள் பேர் இல்லை. தங்கையின் கணவன் விளையாட்டாக வைத்தது. இப்போது பூக்கடைக்காரர், நாற்காலி வாடகைக்குத் தருகிறவர் எல்லாரும் அப்படியே கூப்பிடுகிறார்கள். விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பது தங்கையின் தொழில். கணவன் வண்டி ஓட்டுவான், அண்டா தூக்குவான், பரிமாறுவான், வந்தவர்களைச் சிரிக்கவைப்பான். ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் அது இன்னது என்று ஒரு கார்டு எழுதி வைப்பது எழுத்துக்காரியின் வேலை. கேட்க அற்ப வேலைதான். ஆனால் அந்தக் கார்டுக்காகவே தங்கையைத் தேடி வந்தவர்கள் உண்டு. ஒரு விருந்தில் எலுமிச்சம்பழத்தைக் கீறி அதில் கார்டைச் செருகி நிறுத்தினாள். இன்னொன்றில் வழவழப்பான கூழாங்கல்லில் வெள்ளை மையால் எழுதினாள். பழைய முள்கரண்டிகளின் பற்களை வளைத்து, அவை கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி செய்த விருந்தில், ஊருக்குப் போகும்போது யாரோ நாலு கரண்டியைக் கையோடு கொண்டுபோய்விட்டார்கள்.

பேச்சு அவளுக்கு வராது. நாலு பேர் முன்னால் நிற்கச் சொன்னால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற ஜாதி. எழுத்து கைக்கு வந்ததே அதனால்தானோ என்னவோ.

மூவரும் விருந்துக்காரம்மாவின் வீட்டுக்குப் பேசப் போனார்கள். அவளுக்கு அது முப்பதாவது கல்யாணநாள். படம் எடுக்க ஆள் வருகிறார், எல்லாம் கண்ணுக்கு நன்றாக இருக்கவேண்டும் என்று விரும்பினாள். சூடான பாத்திரங்கள் ஐந்துக்கும் மேலே நீளமாக ஒரு மரக்கம்பு, அதிலிருந்து நூலில் கார்டுகள் தொங்கவேண்டும். ஆறினதும் இனிப்பும் இருக்கிற ஒன்பதுக்கும் கூழாங்கல். பெயர்கள் வெறும் பெயர்களாக இருக்கக் கூடாது. காளானை 'மழை விட்ட காலை' என்று எழுதவேண்டும், பூசணி சூப்பை 'மஞ்சள் வெயில்' என்று.

"அப்ப உருளைக்கிழங்குக்கு 'மண்ணின் மைந்தன்'னு போட்டுடலாமா?" என்று தங்கையின் கணவன் கேட்டான். தங்கை அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

பாதாம் விஷயத்தை எப்படிக் காட்டுவது என்று பேச்சு வந்தபோது தங்கை ஒரே வரியில் சொன்னாள்: "கீழ சின்னதா 'பாதாம் இருக்கு'ன்னு எழுதிடுக்கா. முடிஞ்சுபோச்சு."

விருந்துக்காரம்மா அதற்கு ஒப்பவில்லை. மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும் என்றாள். அப்போதுதான் எழுத்துக்காரி, யாரும் கேட்காமலே, தங்க இலையைப் பற்றிச் சொன்னாள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, மெல்லிய தங்கத்தாளில் வெட்டிய இலை. கொட்டை சேர்ந்த பண்டத்தின் கார்டில் ஓர் ஓரத்தில் ஒட்டிவிடலாம். தெரியவேண்டியவருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அலங்காரம். விருந்துக்காரம்மாவுக்குக் கண் விரிந்தது. "இலை இருந்தா தொடாதீங்க, இலை இல்லேன்னா பயமில்லாம சாப்பிடுங்க. இவ்வளவுதானே, சொல்லிடறேன்" என்றாள்.

திரும்பி வருகிற வழியில் வண்டியில் தங்கை, "எழுதறதுக்கு என்னக்கா வந்துச்சு உனக்கு?" என்றாள்.

எழுத்துக்காரியிடம் சொல்வதற்கு இருந்தது ஒன்றுதான், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதினால் கார்டு அசிங்கமாகிவிடும்.

பதினாலு பண்டத்தில் ஏழில் கொட்டை இருந்தது. ஏழு இலை வெட்டினாள், நகம் வெட்டும் சின்னக் கத்தரியால். சாப்பாட்டுப் பக்கத்தில் ரசாயனப் பசை வேண்டாம் என்று கோதுமை மாவைக் காய்ச்சி, வடிகட்டி, ஒட்டினாள். காய்ந்த பிறகு கார்டுகளைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். விசிறிக்கு நேரே ஒரு ராத்திரி முழுக்க வைத்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அசையவில்லை. ஏழும் இருந்தன. ஆனாலும் தூக்கத்தில் யாரோ ஒருவர், முகம் தெரியாத ஒருவர், கார்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

விருந்து நாள் பதினோரு மணிக்கெல்லாம் மேசை தயாராகிவிட்டது. வாடகை மண்டபம், இரண்டாவது மாடி. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். கம்பில் ஐந்து கார்டுகள் நூலில் தொங்கி மெல்லச் சுழன்றன. எழுத்துக்காரி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து இலைகளை எண்ணினாள். கம்பில் இரண்டு, கற்களில் ஐந்து. ஏழு. மறுபடி எண்ணினாள்.

"எழுத்துக்காரி அக்கா, எண்ணிக்கிட்டே இருந்தா குட்டி போட்டுடுமா?" என்றான் தங்கையின் கணவன்.

"சும்மா இரு மாப்ளே."

"நான் சும்மாத்தான் இருக்கேன். நீங்கதான் பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி முழிக்கிறீங்க."

பன்னிரண்டரைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சமையல்காரர்கள் நிற்கிற ஓரத்தில், தூணை ஒட்டி நின்றுகொண்டு எழுத்துக்காரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவரா? கையில் தடி வைத்திருந்த பெரியவர், இருமிக்கொண்டே வந்தார். இந்தப் பெண்ணா? ஒல்லியாக, கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் உடுப்பை விடாத அந்தச் சின்னப் பெண்ணா? குழந்தை என்றால் அதற்குக் கார்டு படிக்கத் தெரியுமா? எல்லாரும் சிரித்தார்கள், கட்டிக்கொண்டார்கள், பிள்ளைகளின் உயரம் பார்த்தார்கள். செத்துப்போகக்கூடிய ஒருவரின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாருடைய முகமும் அப்படித்தான் இருந்தது.

ஒரு மணிக்குத் தங்கையின் கணவன் ஐந்து மூடிகளையும் திறந்தான். வெள்ளையாக ஆவி எழும்பியது. ஜனங்கள் தட்டோடு வரிசைக்கு வந்தார்கள்.

முதல் அரைமணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. 'மண்ணின் மைந்தன்' கதையை வரிசையில் வந்த எல்லாரிடமும் அவன் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். மேடையில் விருந்துக்காரம்மாவின் கணவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கல்யாணத்தன்று மாப்பிள்ளை செருப்பைத் தொலைத்த கதையை ஆரம்பித்திருந்தார். கார்டுகளை நின்று படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களையெல்லாம் எழுத்துக்காரி கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். இனிப்புப் பக்கம் இலை போட்ட கல்லைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்தாள். ஆனால் அந்த அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "எனக்கு சக்கரை ஏறிடும்டி" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் அந்தத் தடிக்காரப் பெரியவர் வந்தார். தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையின் கட்டைவிரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீங்கதானேம்மா இதெல்லாம் ஜோடிச்சது? என் தட்டு விளிம்புல தங்கம் ஒட்டியிருந்துச்சு பாருங்க. சாப்பாட்டுக்கு நடுவுல தங்கம் போட்டுக் குடுக்கிற மகராசியை இப்பத்தான் பாக்கறேன்!"

கட்டைவிரல் நுனியில் இலை இருந்தது. ஈரமாக, ஒரு பக்கம் சுருண்டு.

அவள் அவருக்கு என்ன பதில் சொன்னாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கம்பைப் பார்த்தாள். ஐந்து கார்டும் சுழன்றுகொண்டிருந்தன. ஆவி ஒவ்வொன்றையும் கீழேயிருந்து தொட்டுத் தொட்டுத் திருப்பியது. அவள் ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தினாள். சுட்ட மீனின் கார்டில் இலை இருந்தது, ஆனால் ஓரம் தூக்கி, பசை வெளுத்துப் பொங்கியிருந்தது. 'மழை விட்ட காலை'யில் இலை இல்லை. அது இருந்த இடத்தில் ஈரமான ஒரு வட்டம்.

மாவுப் பசை. ஆவி. விசிறிக்கு முன்னால் வைத்தாள், உதறினாள், சுரண்டினாள். கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே ஒரு நிமிஷம் பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

காளானின் வெள்ளைச் சாறே பாதாம் அரைத்து விட்டதுதான். கண்ணுக்குப் பாலாடை மாதிரி தெரியும்.

பாத்திரம் பாதிக்கு மேல் காலி.

இலை இல்லேன்னா பயமில்லாம சாப்பிடுங்க.

தங்கை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து வந்தாள். "என்னக்கா?"

"இலை விழுந்துடுச்சு. காளான்ல."

"எப்ப விழுந்துச்சு?"

"தெரியலடி."

தங்கை பாத்திரத்தை இரண்டு கையாலும் அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சூடு கையைச் சுட்டிருக்கும். வரிசையில் நின்ற ஒருவர் "ஏம்மா, இன்னும் எடுக்கலையே!" என்று கரண்டியை நீட்டினார்.

"மாப்ளே, அந்தம்மா எங்க? விருந்துக்காரம்மா?"

"கீழ போனாங்களே, யாரையோ வண்டி ஏத்திவிட. என்னாச்சு?"

"ஓடு. யாருன்னு கேட்டுட்டு வா. பாதாம் ஆகாதவங்க யாருன்னு கேளு. ஓடு!"

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போனதை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியோடேயே படியை நோக்கி ஓடினான்.

இரண்டு மாடி இறங்கவேண்டும். வாசலில் தேடவேண்டும். மறுபடி ஏறவேண்டும். அதற்குள் ஒரு வாய், இன்னொரு வாய். எழுத்துக்காரி மேசைகளைப் பார்த்தாள். பதினொரு வட்ட மேசைகள். எல்லாத் தட்டிலும் ஏதோ வெள்ளையாக இருந்தது. யாரும் தொண்டையைப் பிடிக்கவில்லை. இன்னும் பிடிக்கவில்லை. முதல் மேசைக்குப் போனாள், அங்கே ஒரு பெண்ணின் தோளைத் தொட்டு, "நீங்க..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பெண், "தண்ணிதானே? இருக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பதினொரு மேசை. மேசைக்குப் பத்துப் பேர். ஒவ்வொருவராகக் கேட்டு முடிப்பதற்குள்...

மேடைக்கு நாலு படி. ஏறினாள். சிநேகிதர், "அப்ப இந்தப் பய ஒத்தைச் செருப்போட நிக்கிறான்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவர் கையிலிருந்த மைக்கைப் பிடித்தாள். அவர் விடவில்லை. சிரித்துக்கொண்டே, "இரும்மா, வாழ்த்து அப்புறம் சொல்லலாம்" என்றார். அவள் பிடுங்கினாள்.

வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கீழே எல்லா முகமும் நிமிர்ந்து அவளையே பார்த்தன. சமையலறைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் மைக்கோடு நிற்கிற யாரோ ஒரு பெண். ஒருவன் களுக்கென்று சிரித்தான். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டிருந்தது, அவளுக்கே தெரிந்தது.

"காளான்ல பாதாம் இருக்கு" என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை. மைக் கீச்சென்று கத்தியது. "காளான் சாப்பிடாதீங்க. பாதாம் ஆகாதவங்க இருந்தா நிறுத்துங்க. இலை விழுந்துடுச்சு. கார்டு தப்பு. கார்டு தப்புங்க!"

ஒரு நொடி மண்டபம் அசையவில்லை. பிறகு முணுமுணுப்பு கிளம்பியது. யார், யாருக்கு, என்ன இலை.

ஜன்னலோரம் ஆறாவது மேசையில் கரும்பச்சை உடுப்புப் போட்ட ஒரு அம்மாள் முள்கரண்டியைத் தட்டின்மேல் வைத்தாள். போடவில்லை, வைத்தாள், சத்தம் வராமல். பிறகு கையைத் தூக்கி உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவர்கள் அவளைப் பார்க்க ஆரம்பித்ததும் கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முதுகை நேராக்கி உட்கார்ந்தாள். ஒன்றும் ஆகாதவள் மாதிரி.

எழுத்துக்காரி எப்படி அங்கே போனாள் என்று தெரியாது. போனபோது அந்த அம்மாளின் கீழுதடு ஒரு பக்கம் வீங்க ஆரம்பித்திருந்தது.

"எத்தனை வாய் சாப்பிட்டீங்கம்மா?"

அந்த அம்மாள் இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு எழுத்துக்காரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி.

"அம்மா!" என்று ஒரு இளம்பெண் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். விருந்துக்காரம்மாவின் மருமகள். அப்படியானால் இது சம்பந்தியம்மாள். மருமகளைப் பெற்றவள். எழுத்துக்காரிக்கு அந்த நொடியில் ஏன் கேட்கக் கூடாது என்று சொன்னார்கள் என்பது விளங்கியது. சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டு ஜனம். அவர்கள் வாயில் விழக்கூடாது என்று இத்தனை நாள் மறைத்தது.

"பை எங்க? அம்மா, ஊசி இருக்கற பை எங்க?"

சம்பந்தியம்மாள் பேச முயன்றாள். குரலுக்குப் பதில் ஒரு இழுப்புச் சத்தம்தான் வந்தது. பை நாற்காலிக்குக் கீழேதான் இருந்தது. அதற்குள் ஒரு சின்னப் பை, அதற்குள் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி, அதற்குள் தொண்டை அடைத்தால் போடுகிற ஊசி, துணியில் சுற்றி. அவ்வளவு ஒளித்து வைத்திருந்தாள். மகள் பல்லால் உறையைக் கிழித்து உடுப்பின் மேலேயே தொடையில் குத்தினாள். தடிக்காரப் பெரியவர் எழுந்து நின்று கூட்டத்தைத் தடியால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். "தள்ளுங்கப்பா. காத்து வரட்டும். வேடிக்கை பாக்க இது என்ன வித்தையா?" பின்னால் யாரோ, "இப்படி ஒரு வியாதி இருக்குன்னு சொல்லவே இல்லையே" என்று இன்னொருவரிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது. சம்பந்தியம்மாளுக்கும் கேட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டாள். மணிக்கட்டுப் பிடி மட்டும் தளரவில்லை.

ஆம்புலன்ஸ் வர பதினாலு நிமிஷம் ஆயிற்று. அந்தப் பதினாலு நிமிஷமும் எழுத்துக்காரி தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சையும் கேட்டாள். ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் உலகத்தில் வேறெதுவுமே இல்லை. வந்தது. பிறகு மறுபடி இடைவெளி. அந்த அம்மாளுக்காகத் தானே அதை இழுக்க முடியுமானால் இழுத்திருப்பாள்.

விருந்துக்காரம்மா வந்து சேர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. எழுத்துக்காரியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சம்பந்தியின் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சரில் வைத்தபோதும் அந்தக் கை விடவில்லை. ஆம்புலன்ஸ்காரர் கேட்டார், "நீங்க யாருங்க, உறவா?"

எழுத்துக்காரி விழித்தாள். மகள் சொன்னாள்: "விடுங்க சார், அவங்களும் வரட்டும். அம்மா விட மாட்டேங்கறாங்க."

உள்ளே இடம் குறுகல். எதிர்ச் சீட்டில் மகள் அழுதுகொண்டே வந்தாள், சத்தமில்லாமல். எழுத்துக்காரி அழவில்லை. அழுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கையைப் பிரித்தது ஒரு நர்ஸ்தான், ஒவ்வொரு விரலாக. மணிக்கட்டில் நாலு நகக்குறி. கதவு மூடிக்கொண்டது. வெளியே நீளமான பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கை ஃபோன் செய்தாள், எடுக்கவில்லை. மறுபடி செய்தபோது எடுத்தாள். "அக்கா" என்றாள் தங்கை. தங்கை திட்டுவாள் என்று எழுத்துக்காரி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கை எப்படி இருக்கு, சுட்டுச்சே" என்று எழுத்துக்காரிதான் கடைசியில் கேட்டாள். "கொப்புளம்தான்" என்றாள் தங்கை.

நாலு மணிக்கு டாக்டர் வந்து மகளிடம் சொன்னார்: தொண்டை வீக்கம் இறங்கிவிட்டது. ஆனால் மறுபடி ஏறக்கூடும், நாளைக் காலைவரை இங்கேயே வைத்துப் பார்க்கவேண்டும். மறுபடி என்ற வார்த்தை மட்டும் எழுத்துக்காரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் மகள் அம்மாவின் மாற்றுடுப்பு எடுத்து வரக் கிளம்பினாள். போகும்போது பெஞ்சுக்கு முன்னால் நின்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, களைப்பும் இருந்தது. "அம்மா உங்களை உள்ள வரச் சொல்றாங்க. நான் வர வரைக்கும் இருங்க. நம்பி விட்டுட்டுப் போறேன்."

அறையில் ஒரே ஒரு கட்டில். சம்பந்தியம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு இன்னும் தடித்துத்தான் இருந்தது. எழுத்துக்காரி கதவருகிலேயே நின்றாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தாள். சுவரில் ஒரு இயந்திரம் சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. எழுத்துக்காரி அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள், தன்னையறியாமல்.

"நான் ரெண்டு பக்கமும் பாத்தேன்" என்றாள் சம்பந்தியம்மாள். குரல் கீறின மாதிரி இருந்தது. "அந்தக் கார்டு நூல்ல சுத்திக்கிட்டே இருந்துச்சு. பிடிச்சு நிறுத்திப் பாத்தேன். திருப்பிப் பாத்தேன். இலை இல்ல."

"ஆவி பட்டு விழுந்துடுச்சும்மா. மாவுப் பசை. நான்தான் ஒட்டினேன்." எழுத்துக்காரி நிறுத்தினாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று பயந்து தொடர்ந்தாள். "எழுதிடுன்னு என் தங்கச்சி சொன்னா. நான்தான் எழுதல. எழுதினா அழகா இருக்காதுன்னு."

சம்பந்தியம்மாள் அவளையே பார்த்தாள். மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"மத்த ஆறு இலையும் பாத்தேன்" என்றாள். "அழகாத்தான் இருந்துச்சு."

எழுத்துக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தக் கரண்டி பிடிச்சுக்கிட்டு நின்ன பையன், உங்க தங்கச்சி வீட்டுக்காரரா? எல்லார்கிட்டயும் என்னமோ உருளைக்கிழங்கு ஜோக் சொல்லிக்கிட்டிருந்தார். எங்கிட்டயும் சொன்னார். நானும் சிரிச்சேன். 'தம்பி, இதுல என்ன போட்டிருக்கு'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. எனக்குப் பின்னால என் பொண்ணோட நாத்தனார் நின்னுக்கிட்டிருந்தா. அவ காதுல விழுமேன்னு கேக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இருபத்தஞ்சு வருஷம். பொண்ணுக்கும் அது ஒட்டியிருக்கும்னு சொல்லிடுவாங்கன்னு சம்பந்தியைத் தவிர ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறந்ததில்ல. இன்னிக்கு நீங்க மைக்கைப் பிடிச்சுக் கத்தினப்போ, மொதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சேன்னுதான் தோணுச்சு. ரெண்டு வாய் உள்ள போயிருக்கு, அது தோணல."

ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

கதவு திறந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து கட்டில் மேசையில் வைத்துவிட்டு, அடுத்த அறைக்கு நேரமாகிவிட்டது போல, உடனே போய்விட்டார். தட்டுக்கு மேலே ஒரு மூடி. மூடியின் மேல் அறை எண் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். வேறொன்றும் இல்லை.

சம்பந்தியம்மாள் மூடியைத் திறந்தாள். சூப் மாதிரி ஏதோ ஒன்று. வெளிர் நிறம். அதிலிருந்து ஆவி வந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சம்பந்தியம்மாள் மூடியைத் திரும்ப வைத்தாள். "என்னன்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

எழுத்துக்காரி எழுந்து வெளியே போனாள். நீளமான தாழ்வாரம். அங்கங்கே ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள், வெள்ளைச் சட்டைக்காரர் கடைசியில் தள்ளுவண்டியோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த சூப்புல என்ன போட்டிருக்கீங்க?"

"காய்கறிம்மா. கேரட்டு, உருளைக்கிழங்கு."

"வெள்ளையா இருக்கே. அது என்ன?"

"பாலு."

"பாதாம், முந்திரி?"

"அதெல்லாம் இல்லம்மா."

"நீங்க சமைச்சீங்களா, இல்ல யாரோ சொன்னாங்களா?"

அவர் வண்டியை நிறுத்திவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நான் கொண்டு குடுக்கறவன்மா. சமையல்காரர் கீழ இருக்காரு."

"எத்தனாவது மாடி?"

அவர் சொன்னார். எழுத்துக்காரி திரும்பி அறைக்குள் எட்டிப் பார்த்து, "நான் வர வரைக்கும் தொடாதீங்க" என்றாள். பிறகு படியில் இறங்க ஆரம்பித்தாள்.